இடதுகை வெட்டு

மார்ச் 9, 1986

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

வெர்னா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறேன், அது மட்டும் மெய்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பதிலை இதைக் கொண்டுவந்த நம் ஊர் பாஸ்டர் லின்டிடமே கொடுங்கள். உறையின் மேல் என் பெயர் வேண்டாம், அவர் என்னிடம் சேர்த்துவிடுவார். இவளுக்கு என்மேல்கூட நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் என்னைக் கட்டிக்கொண்ட உங்கள் தம்பி ராய்ஸ் அதை உங்களிடமிருந்து அடித்தாவது பிடுங்கிவிடுவான். தெரியாததை யாரும் பிடுங்க முடியாது.

ஊரில் என்ன சொல்லித் திரிகிறானோ. நடந்தது இதுதான். டென்டன் தன் கடையிலிருந்து போன் செய்தார். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் நான் கட்டும் மான்முடித் தவளைப் பூச்சிகள் தீர்ந்துவிட்டன, மீன் பிடிக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், இன்னும் கட்டிக்கொடு என்றார். கூடவே ஏதோ ஜோக் சொன்னார், நான் சிரித்தேன். ராய்ஸ் மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்தான்.

"என்கிட்ட ஒரு நாள் சிரிச்சிருக்கியா? அந்தக் கிழவன்கிட்ட மட்டும் பல்லைக் காட்டறே?"

என் இடது கையை மேஜைமேல் அமுக்கிப் பிடித்தான். மான்முடியின் நுனிகளைத் தட்டிச் சமமாக்க நாம் வைத்திருப்போமே, அந்தப் பித்தளைக் குழாய், அதை எடுத்தான். ஓங்கி அடித்ததில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் முறிந்தன. எலும்பு ஒடிந்த சத்தம் என் காதில் கேட்டது. அத்தோடு விட்டானா? நான் மான்முடி வெட்டும் சவர பிளேடை எடுத்தான். "முடி வெட்டறதுல பெரிய கெட்டிக்காரியாச்சே, இப்ப உனக்கு நான் வெட்டி விடறேன்" என்று பின்னலைப் பிடித்து அறுத்தான். காதிலும் கொஞ்சம் அறுபட்டது. அறுத்ததை அடுப்பில் போட்டுவிட்டு பீர் வாங்கப் போனான். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் நடந்தேன்.

எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். நாம் சேர்ந்து கட்டும்போது உங்கள் வீட்டில் வைத்த என் சாமான்களை அனுப்பிவையுங்கள். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸ், வளைந்த கத்தரி, மான்தோல், பிளேடு பாக்கெட்டுகள். பிளேடு முக்கியம். அது இல்லாமல் நான் பாதி ஆள்.

உங்கள்
வெர்னா


மார்ச் 21, 1986

கண்ணு வெர்னா,

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவன் கை விளங்காமல் போக என்று என் வாயால் சொன்னேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா போனபின் நான் சோறூட்டி வளர்த்த பிள்ளையல்லவா? பாவி, கைநீட்டும் எங்கப்பனை அப்படியே உரித்துக்கொண்டு பிறந்திருக்கிறான்.

நீ போன மறுநாளே இங்கே வந்தான். வாசலில் இருந்த தபால் பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

"எங்க அவ?"

"தெரியாதுடா."

"தெரியாதாம்! நீங்க ரெண்டு பேரும் நகமும் சதையுமா இருந்தீங்களே."

"தெரிஞ்சா மட்டும் உங்கிட்ட சொல்லிடுவேனாக்கும்? வெளியே போடா நாயே."

விறகுக் கோடாரியை எடுத்து, நாம் பூச்சி கட்டும் மேஜையை இரண்டாகப் பிளந்தான். அடுத்தது என் மண்டைதான் என்று நினைத்தேன். நல்லவேளை, கோடாரியைக் கீழே போட்டான். போகும்போது ஒன்று சொன்னான். "எங்க வேணா ஒளியட்டும். வயித்துக்குத் திங்கணும்னா பூச்சி கட்டித்தானே ஆகணும்? அவ வெட்டு எனக்குத் தெரியும். எந்தக் கடையில தொங்கினாலும் பார்த்த உடனே சொல்லிடுவேன்."

சும்மா சொல்லவில்லை, வெர்னா. பதினோரு வருஷம் நீ வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவன். எல்லோரும் கத்தரியால் பூச்சியின் மேல்பக்கத்தைச் செதுக்கிவிட்டுக் கடைசியில் அதன் வயிற்றுக்கு வருவார்கள். நீ பிளேடை நீளவாக்கில் பாதியாக முறித்து, வில்லாக வளைத்து, இடது கையால் முதலில் வயிற்றை ஒரே இழுப்பில் எடுப்பாய். அதனால் அந்த வயிறு எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். தண்ணீரில் விட்டால் அடிபட்ட தவளை போலச் சரிந்து சரிந்து நீந்தும். அதைப் பார்த்துத்தான் பாஸ் மீன் பாய்கிறது. அதை வைத்துத்தான் இவனும் உன்மேல் பாய்வான்.

அதனால் பிளேடை அனுப்பவில்லை. திட்டிக்கொள். வளைந்த கத்தரியும், பல் வைத்த கத்தரி ஒன்றும் அனுப்புகிறேன். இரண்டும் வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. நல்லதாய்ப் போயிற்று, வலது கையாலேயே வெட்டு. வளைந்ததில் முதுகை எடு. பல் வைத்ததில் வயிற்றை எடு, பல் முடியை வழுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். படிப்படியாக, மேடும் பள்ளமுமாகத்தான் வரும். வரட்டும். நேற்றுக் கற்றுக்கொண்டவள் கட்டியது போல இருக்கட்டும்.

பிளேடு பாக்கெட் என்னிடம் பத்திரமாக இருக்கும். நீ யாருக்கும் பயப்படாமல் வாழ்கிற நாளில் நானே அனுப்பிவைப்பேன். இது என் வாக்கு.

விரலுக்கு வைத்தியம் பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

உன் அக்கா
லோயிஸ்


ஜூன் 2, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. மான்தோலுக்குள் மேப்பிள் சர்க்கரை வைத்துத் தைத்திருக்கிறீர்களே! தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன்.

விரல்கள் கோணலாகச் சேர்ந்துவிட்டன. சுண்டுவிரல் மடங்காது. நூலை இழுத்தால் முழங்கை வரை சுள்ளென்று ஏறுகிறது.

இங்கே ஏரிக்கரையில் ஒரு தூண்டில் கடை. முதலாளியம்மா ஓஸ்ட்பி, நார்வேக்காரர் வீட்டுப் பெண், எழுபது வயது, வாய் மட்டும் இருபது. கடையின் பின்னறையை எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் கத்தரியால் வெட்டிய முதல் பூச்சியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது என்னடிம்மா, தவளையா, இல்ல மழையில நனைஞ்ச பூனையா?" என்றார்.

"மீனுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றேன்.

"மீனுக்குத் தெரியாது, வாங்கறவனுக்குத் தெரியுமே!"

அக்கா, இந்தக் கத்தரியோடு நான் படும் பாட்டை யாரிடம் சொல்வேன்? முடியை நெருக்கி நெருக்கி அடைத்தபின் அது கட்டைபோல இறுகிவிடுகிறது. கத்தரி அதைக் கடிக்கிறதே தவிர வெட்டவில்லை. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு தரம் முள்ளோடு சேர்த்துக் கட்டுநூலையே வெட்டினேன், பூச்சி மொத்தமும் மடியில் உதிர்ந்தது. சோற்றுக் கையை விட்டுவிட்டுப் பீச்சாங்கையால் சாப்பிடச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு எல்லாமே தலைகீழ்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். போன வாரம் சிகாகோவிலிருந்து ஒரு ஆள் வந்தான். என் பூச்சியைப் பார்த்துச் சிரித்தான். "குழந்தைங்க கட்டினதா?" என்று கேட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. மருந்துக் கடையில் ஒரு பாக்கெட் பிளேடு வாங்கி வந்து ஒரே ஒரு டஜன் வெட்டினேன். என் கையால், என் வெட்டு. அவன் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனான். சிகாகோ எங்கே, மிஷிகனில் உங்கள் காடு எங்கே! பிளேடைத் தூக்கி எறிந்துவிட்டேன். இனி இல்லை.

உங்கள்
வெர்னா


ஆகஸ்ட் 4, 1986

வெர்னா,

ஏன்டி இப்படிப் பண்ணினாய்? ஒரே ஒரு டஜனாம்! வீட்டைக் கொளுத்த ஒரே ஒரு தீக்குச்சி போதாதா?

சனிக்கிழமை ராய்ஸ் வந்தான். குடித்திருக்கவில்லை. அதுதான் இன்னும் பயம். மேஜையை நான் ஆணி அடித்து நிறுத்தியிருந்தேன், அதன்மேல் ஒரு பூச்சியை மல்லாக்க வைத்தான்.

"இது யார் வெட்டு? சொல்லு."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாய்ந்த வயிறு. உன் கை.

"யாரோ கட்டினது. எனக்கென்ன தெரியும்?"

"அக்கா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

பார்த்துத்தான் சொன்னேன். அவன் என் வலது கையை விரித்துப் பிடித்து, அந்தப் பூச்சியின் முள்ளை உள்ளங்கையில் வைத்து அமுக்கினான். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர் உள்ளே போகும்வரை அமுக்கினான், வெர்னா. "யாரோ கட்டினது" என்று மறுபடியும் சொன்னேன். இன்னும் அமுக்கினான். கத்தினேன், ஆனால் உன் பேரைச் சொல்லவில்லை. டாக்டர் முள்ளை மறுபக்கமாகக் குத்தி வெளியே எடுத்து, நுனியை நறுக்கித்தான் கழற்றினார். எப்படி ஆனது என்றார். மீன் பிடிக்கும்போது என்றேன். நாற்பத்தெட்டு வயதில் தம்பிக்காகப் பொய் சொல்கிறேன்.

அந்தப் பூச்சியை எவனோ ஒருவன் தொப்பியில் குத்தியிருந்தானாம். சீட்டாட்டத்தில் சிகாகோக்காரனிடம் ஜெயித்ததாம். சிகாகோக்காரன் எங்கே வாங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் நீ இன்னும் பிழைத்திருக்கிறாய். ஆனால் நீ இன்னும் பூச்சி கட்டுகிறாய் என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது. மான் சுடும் துப்பாக்கியை எடுத்து லாரியில் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். இது மான் சீசனா?

இரண்டு விஷயம், கேட்டுக்கொள். பிளேடைக் கையால் தொடாதே. இரண்டாவது, எனக்கு ஒரு சத்தியம் செய். அவன் உன்னை நோக்கி வருகிறான் என்று உனக்கு எந்த வழியில் தெரிந்தாலும், வேறு யாருக்கும் முன்னால் எனக்குச் சொல். நான் அந்தத் துப்பாக்கியைத் தூக்கி ஆற்றில் போடுவேன். லாரி டயரைக் கிழிப்பேன். அடுப்பங்கரையில் அவனைக் கட்டிப்போடுவேன். உன் ரத்தம் அவன் கையில் படக்கூடாது. அவன் ரத்தமும் எங்கேயும் சிந்தக்கூடாது. நான் உனக்கும் அக்கா, அவனுக்கும் அக்கா. என்னை யாராவது ஒருவருக்கு மட்டும் அக்காவாக்கிவிடாதீர்கள்.

உன் அக்கா
லோயிஸ்


ஆகஸ்ட் 19, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையை நினைத்து என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்கு விழ வேண்டிய அடி அது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லையே.

சத்தியம் செய்கிறேன். தெரிந்தால் உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன்.

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். கார்ல் என்று ஒரு போலீஸ்காரர், நல்ல மனிதர்தான். விரலைக் காட்டினேன், காதைக் காட்டினேன். "அது வேற மாநிலத்துல நடந்தது. அவன் இங்க வந்து ஏதாவது செய்யட்டும்மா, அப்புறம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

"அவன் செஞ்சப்புறம் பார்க்க நான் இருக்கணுமே ஐயா" என்றேன். அவர் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

கடைக் கதவின் மணி அடித்தால் பின்னறைக் கதவைச் சாத்திவிடுகிறேன். லாரிச் சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறேன். ஓஸ்ட்பி அம்மா ஒருநாள் அங்கேயே குனிந்து பார்த்து, "அங்க என்னம்மா எலி புடிக்கிறியா?" என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மனுஷி எத்தனை காலம் அடுத்தவள் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வாழ முடியும்? என் வெட்டு என்னுடையது. அதை அவனுக்குப் பயந்து நான் ஒளிக்கிறேன். யோசித்தால் பற்றி எரிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அவன் இன்னும் டென்டன் கடைக்குப் போகிறானா? எந்த நாளில் போகிறான்? என் பூச்சி எதுவும் சுற்றி வந்து அங்கே சேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

உங்கள்
வெர்னா


செப்டம்பர் 7, 1986

கண்ணு வெர்னா,

கை ஆறிவிட்டது. மழைநாளில் மட்டும் குடைகிறது.

சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ, ராய்ஸ் வந்து குளிர்காலத்துக்கான விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டுப் போனான். கோடாரியால் பிளந்த மேஜைக்குப் புதுப் பலகை போட்டான். என் கையைப் பார்த்தான். "அக்கா, எனக்குள்ள என்னமோ இருக்கு, அது அப்பா மாதிரியே பேசுது" என்றான். சின்னப் பிள்ளையாட்டம் அழுதான். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். என்னைத் திட்டு, பரவாயில்லை. இரண்டு வாரமாகக் குடிக்கவில்லை. மான்கறிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன், தட்டை வழித்துச் சாப்பிட்டான். பாஸ்டரிடம் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறான்.

ஆனால் நீ கேட்டாயே, அதுவும் உண்மை. சனிக்கிழமை காலையில் தவறாமல் டென்டன் கடைக்குப் போகிறான். தட்டுத் தட்டாகப் பூச்சிகளை மல்லாக்கத் திருப்பி வயிற்றைப் பார்க்கிறானாம். புதிதாக வந்ததென்றால் ஒன்று விடாமல் பார்ப்பானாம். அதனால் அந்தப் பக்கமே உன் சரக்கு வராமல் பார்த்துக்கொள். கத்தரி, கத்தரி, கத்தரி. கொஞ்ச நாள் பொறு. குளிர்காலம் முடியட்டும். அவனை நான் மனுஷனாக்கிவிடுவேன் என்று மனசு சொல்கிறது.

உன் அக்கா
லோயிஸ்


அக்டோபர் 6, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

போலீஸ் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என் வாயாலும் நீங்கள் கேட்க வேண்டும்.

ராய்ஸ் சனிக்கிழமை மதியம் வந்தான். எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. நான் பின்னறையில் வைஸ் முன்னால் இருந்தேன். மணி அடித்தது. ஓஸ்ட்பி அம்மா, "கடையில துப்பாக்கி கொண்டுவரக் கூடாது தம்பி" என்பது கேட்டது. பிறகு அவர் விழுந்த சத்தம். துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடித்திருக்கிறான். அந்தம்மாவுக்குத் தாடை உடைந்துவிட்டது.

கதவை உதைத்துத் திறந்தான். "முடி வளர்ந்திருச்சே" என்றான். முதல் வார்த்தை அதுதான். என் கோணல் விரலைப் பிடித்துத் திருகினான். முழங்காலில் விழுந்தேன். துப்பாக்கி முனையை என் வாயில் வைத்து, "சிரி. இப்ப சிரி பார்க்கலாம்" என்றான். என் இடது கையில் பாதிப் பிளேடு இருந்தது. அவன் பிடித்திருந்தது கோணல் விரலைத்தான், பிளேடைப் பிடித்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னிடம் இருந்தன. அவன் மணிக்கட்டில் ஒரே இழுப்பு இழுத்தேன். ரத்தம் மான்முடியில், சுவரில், என் கண்ணில். துப்பாக்கி வாயிலிருந்து விலகியது. கடையின் ஏரிப்பக்கத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்த கார்ல் சத்தம் கேட்டு ஓடிவந்தார், கடவுள் புண்ணியம். "துப்பாக்கியைக் கீழே போடு" என்று கத்தினார். ராய்ஸ் போடவில்லை. அவர் பக்கம் திருப்பினான். கார்ல் இரண்டு முறை சுட்டார்.

உடனே சாகவில்லை. என் மேஜைக்கு அடியில் கிடந்தான். "அக்கா" என்றான். என்னைக் கூப்பிடவில்லை, உங்களைத்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். பிடித்துக்கொள்ளவில்லை.

பொய் எழுத மாட்டேன். அழுகை வரவில்லை. அன்றைக்கு லாரிச் சத்தம் கேட்டபோது நான் மேஜைக்கு அடியில் போகவில்லை. உங்களை நினைத்தால்தான் அழுகை வருகிறது. எனக்கு இந்த உலகத்தில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? இங்கே வந்து என்னோடு இருந்துவிடுங்கள். பின்னறையில் இரண்டு வைஸ் போட இடம் இருக்கிறது.

உங்கள்
வெர்னா


அக்டோபர் 20, 1986

வெர்னாவுக்கு,

ராய்ஸின் உடலை எடுத்து வர உன் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. அவனை அம்மா பக்கத்தில் புதைத்தாயிற்று. அவன் அடுக்கிய விறகுதான் இப்போது எரிகிறது.

நீ உயிரோடு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அது மனதாரச் சொன்னது. அவன் செய்ததைப் பார்த்தால் எந்தக் கோர்ட்டும் உன்னைக் குற்றம் சொல்லாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் அடக்கம் முடிந்தபின் நான் டென்டன் கடைக்குப் போனேன். எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. முன்தட்டில், கண்ணில் படுகிற இடத்தில் தவளைகள் இருந்தன. தபாலில் வந்ததாம், விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்று. ஒன்றை மல்லாக்கத் திருப்பினேன். பிளேடு. இடது கை. ஒரே இழுப்பு. வயிறு நீ இதுவரை வெட்டியதைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது. பார்வை மங்கியவன்கூடக் கண்டுபிடிப்பான். பக்கத்தில் ஓஸ்ட்பி கடையின் அட்டை, ஊரும் தெருவும் அச்சடித்தது. இத்தனை மாதம் என்னிடம் சொல்லாத ஊரை அவனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய்.

கார்லிடமும் பேசினேன். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உட்காரச் சொன்னாங்கம்மா, ஏதோ தெரிஞ்ச மாதிரி" என்றார். சனிக்கிழமை என்று உனக்குச் சொன்னது யார்? நான். உள்ளங்கையில் முள் ஏறியபோது திறக்காத வாயை நீ அன்பாகக் கேட்டதும் திறந்தேன்.

நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். "அக்கா, தூண்டிலைப் போட்டுவிட்டேன், அவன் வரப்போகிறான்" என்று ஒரு வரி. சத்தியம் செய்திருந்தாயே. லாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்திருப்பேன். வெறுங்கையோடு வந்திருப்பான், விலங்கு மாட்டிக்கொண்டு போயிருப்பான். ஜெயிலில் கிடந்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்திருப்பேன். அவ்வளவுதான் நான் கேட்டது. நான் சொன்னால் அவனை எச்சரித்துவிடுவேன் என்று பயந்தாயா? இருக்கலாம். பயந்தவளுக்குப் பயப்பட நியாயம் உண்டு. ஆனால் அப்படிப் பயந்தவள் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கக் கூடாது.

சாகும்போது "அக்கா" என்றான் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதியதற்கு நன்றி. அந்த வரியை மட்டும் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

பின்னறையில் இரண்டாவது வைஸ் போட வேண்டாம். பாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் கடிதம் வந்தால் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று.

நீ யாருக்கும் பயப்படாமல் வாழ்கிற நாளில் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். உன் பிளேடு பாக்கெட்டுகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன், துரு ஏறவில்லை.

இப்படிக்கு,
ராய்ஸின் அக்கா